சர்க்கரை கூடக் கூட

அலாரம் அடிப்பதற்கு முன்பே ஸுஹைர் எழுந்துவிடுவான். எழுந்ததும் அதை அணைப்பான். சமையலறைக்குப் போய் காஸ் சிலிண்டரைத் திறந்து, சின்னப் பாத்திரத்தில் தண்ணீரும் காபித்தூளும் போட்டு அடுப்பில் வைப்பான். அது பொங்கி வருவதற்குள் முகம் கழுவிவிடலாம். முந்தின நாள் ரொட்டியில் பாதியைப் பிய்த்து ஒலிவ எண்ணெயில் தொட்டுத் தின்பான். தட்டைக் கழுவுவான். சட்டை, காலுறை, சாவி. மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மாள் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்வான். அவள் பதில் ஸலாமோடு அவனுக்காக ஒரு துஆவும் சேர்த்துச் சொல்வாள். தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிடுவான். பேருந்தில் இடம் கிடைத்தால் உட்காருவான், இல்லாவிட்டால் நிற்பான். இரண்டுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஸ்ஃபாக்ஸ் நகரத்து அறிவியல் கல்லூரியில் முதல் வருஷ மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பது அவன் வேலை. அவன் மனைவி உல்ஃபா அதே கட்டடத்தில், அதே உயிர்வேதியியல் ஆய்வகத்தில், முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபஸிலிருக்கிற தாய்வீட்டுக்குப் போக ஷேர் டாக்ஸியில் ஏறினாள். மழை. எதிரே லாரி. கேட்பவர்களிடம் அவன் இவ்வளவுதான் சொல்வான்.

ஏப்ரலில் ஒருநாள் பேராசிரியை ரவ்தா அவனைக் கூப்பிட்டனுப்பினார். உல்ஃபாவுக்கு வழிகாட்டியாக இருந்தவர்.

"உக்காருப்பா. உல்ஃபா டிசம்பர்ல அனுப்பின கட்டுரைக்கு ஆய்விதழ்லேர்ந்து பதில் வந்திருக்கு."

"சரி, மேடம்."

"நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு எடத்துல இடிக்குது."

அவர் வரைபடத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். அவனுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கோட்டோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியவன் அவன்.

பேரீச்சை செங்காயாக இருக்கும்போது அதில் இருப்பது நாம் கடையில் வாங்குகிற அதே சர்க்கரை. பழுக்கப் பழுக்க ஒரு நொதி, அதாவது என்சைம், அதை இரண்டாக வெட்டுகிறது. பழம் குழைந்து தேன் மாதிரி ஆகிறது. அந்த நொதியைப் பிரித்தெடுத்து, சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போனால் வெட்டும் வேகம் எப்படி மாறுகிறது என்று அளப்பதுதான் உல்ஃபாவின் வேலை. சர்க்கரை கூடக் கூட முதலில் வேகமும் கூடும். கோடு நேராக ஏறும். பிறகு ஏற்றம் தளரும். நொதி முழுவதும் வேலையில் இறங்கிவிட்ட பிறகு எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் வேகம் கூடாது. கோடு மட்டமாக ஓடும். எல்லாப் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான். உல்ஃபாவின் கோடு மட்டமாக ஓடி, கடைசி மூன்று புள்ளிகளில் கீழே இறங்கியது.

"இந்த எறக்கம் அளவுப் பிழையா இருக்கலாம்ங்கிறாங்க," என்றார் ரவ்தா. "திரும்ப அளந்து காட்டணும். இல்லாட்டி அந்த மூணு புள்ளியையும் எடுத்துடணும்."

"அளக்கறதுக்கு என்சைம்?"

"அதான் கூப்பிட்டேன். அவ எடுத்து வச்சதுல ஒரே ஒரு குழாய் பாக்கி. புதுசா எடுக்கணும்னா அடுத்த செங்காய் வரணும். அதுவரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "உன்னக் கேக்காம அந்தக் குழாயத் தொட எனக்கு மனசு வரல. மூணு புள்ளி போனா ஒண்ணும் குடி முழுகிடாது. கட்டுரை வந்துடும். அவ பேர்தான் மொதல்ல இருக்கும்."

ஸுஹைர் யோசித்தான். யோசித்தான் என்பதுகூடச் சரியில்லை. அந்தக் குழாய் ஃப்ரீசருக்குள் இருக்கிறது என்ற ஒன்று மட்டும் மனதில் வந்து நின்றது. வீட்டில் அவள் துணிமணிகளை அவள் அக்கா வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் ஊறப்போட்ட எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது. அவள் கையால் செய்த பொருள் என்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்தக் குழாய்க்குள் இருக்கிற சில துளிதான்.

"எடுத்துடுங்க, மேடம்," என்றான்.

"குழாயவா?"

"புள்ளிய."

ரவ்தா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வியாழக்கிழமைதான் பதில் அனுப்பறேன்," என்று மட்டும் சொன்னார்.

கல்லூரி வாசலில் இருக்கிற காபிக் கடையில் ஹாத்திம் அவனுக்காக இடம் பிடித்து வைத்திருந்தான். அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்பவன். மூன்று பேரும் ஒரே வருஷத்தில் சேர்ந்தவர்கள். உல்ஃபா போன பிறகும் ஸுஹைரிடம் பழையபடி வாய்த்துடுக்காகப் பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

"என்ன சொல்லிச்சு கிழவி?"

ஸுஹைர் சொன்னான்.

"நல்ல முடிவு," என்றான் ஹாத்திம். "உண்மையச் சொல்லட்டுமா? எனக்கு அந்த மூணு புள்ளி மேல அப்பவே ஒரு சந்தேகம். அவ அத அளந்தது எப்பன்னு ஞாபகம் இருக்கா? நோன்புல."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? டேய், நோன்பு மாசத்துல நம்ம லேப்ல எவனாவது உருப்படியா ஒரு சொட்டு ஊத்தியிருக்கானா?"

அது உண்மைதான். அந்த ஆய்வகத்தில் அளந்து ஊற்ற இன்னும் கண்ணாடிப் பிப்பெட்டுகள்தான். அவற்றை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. பதினொரு மாதம் எல்லோரும் வாயில் வைத்துத்தான் உறிஞ்சுவார்கள். நோன்பு மாதம் வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து வாய்க்குப் பதில் உறிஞ்சுகிற ரப்பர் உருண்டைகள் வெளியே வரும். சர்க்கரைத் தண்ணீர் நாக்கில் பட்டால் நோன்பு முறிந்துவிடுமே. அந்த உருண்டைகளில் பாதி ஓட்டை.

"பாகு மாதிரி சர்க்கரத் தண்ணி. பிப்பெட் நுனியில ஒட்டிக்கிட்டு எறங்கவே எறங்காது. வாயா இருந்தா ஒரு ஊது ஊதித் தள்ளிடலாம். உருண்டைய வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ?"

"ஒரு சொட்டு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகட்டும்," என்றான் ஸுஹைர். "அவ்வளவு சர்க்கரையில வேகம் மாறாது. அதத்தானே மொத வருஷப் பசங்களுக்கு நான் தொண்ட வத்தக் கத்தறேன். என்சைம் எல்லாம் வேலையில இருக்கு. மேல கொஞ்சம் கொட்டினாலும் ஒண்ணுதான், கொஞ்சம் சிந்தினாலும் ஒண்ணுதான்."

ஹாத்திம் புருவத்தை உயர்த்தினான். ஸுஹைர் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசிப் பல நாளாகிவிட்டது.

"சரி வாத்தியாரே, ஒத்துக்கறேன். அப்ப குளிர்ச்சி. சர்க்கரத் தண்ணியெல்லாம் பூசணம் பிடிக்காம இருக்க ஃப்ரிட்ஜுலதானே வைக்கிறோம். லேசான தண்ணி வெந்நீர்த் தொட்டியில வச்சதும் சூடாகிடும். பாகு ஆகாது. அது பாட்டுக்கு உள்ள குளுகுளுன்னு இருக்கும். குளிர்ல என்சைம் தூங்கும். வேகம் எறங்கும். எறங்கிச்சா இல்லையா?"

"அவ சூடாகற வரைக்கும் காத்திருப்பா."

"நோன்புல ரெண்டரை மணிக்குக் காவலாளி சாவியக் குலுக்கிக்கிட்டு வந்து நிப்பான். எல்லாருக்கும் அவசரம். அவளுக்கும் அவசரம். அல்லா அவளுக்கு ரஹ்மத் செய்யணும், நான் தப்பாச் சொல்லல. நானா இருந்தாலும் அவசரப்பட்டிருப்பேன்."

ஸுஹைர் காபியைக் குடிக்காமல் எழுந்தான்.

"எங்கடா போற?"

"வகுப்பு இருக்கு."

வகுப்பு இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் போய் யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றான். உள்ளே ஏதோ சுருக்கென்று இருந்தது. என்ன அது என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. கோபம். மூன்று மாதத்தில் அவனுக்கு வந்த முதல் கோபம். புள்ளிகளை எடுத்துவிடச் சொன்னபோது குழாய் மிஞ்சும் என்பதை மட்டும்தான் நினைத்தான். எடுத்துவிட்டால், உல்ஃபா அவசரப்பட்டாள் என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவள் அவசரப்பட்டாளா? அது அவனுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவன் கீழே வகுப்பில் இருப்பான்.

அந்த இலையுதிர் காலம் அவனுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. காபஸிலிருந்து அவள் மாமா பேருந்துக் கூரையில் ஏற்றி அனுப்பிய செங்காய்க் கூடைகள். குளிர் அறையில் அவனுடைய ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, கை விறைக்க விறைக்க அவள் கொட்டை நீக்கியது. கோட்டின் கைமடிப்பெல்லாம் பிசுக்கு. வீட்டுக்கு வந்தால் தலைமுடியில்கூடப் பேரீச்சை வாசனை. "நம்ம வீட்டுல திங்கறதுக்கு மட்டும்தான் பேரீச்சை இல்ல," என்று அவன் சொல்வான். "திங்கறதுக்கு ஒனக்கு எதுக்கு? நீயே குழைஞ்சு போயிருக்க," என்பாள் அவள். அரைத்து, வடித்து, சுழற்றி, மறுபடி வடித்து, கூடை கூடையாக வந்த காய் கடைசியில் சுண்டுவிரல் உயரக் குழாய்களில் அடங்கியது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவனிடம் காட்டினாள். தண்ணீர் மாதிரி இருந்தது. "இவ்வளவுதானா?" என்றான். "இவ்வளவு இருந்தா போதும்டா, இந்த ஊர்ச் சர்க்கரையெல்லாம் வெட்டிடும்," என்றாள்.

அறுவடை முடிந்த கையோடு நோன்பு வந்தது. கல்லூரி மூடியதும் இருவரும் வீட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, அந்தித் தொழுகையான மஃக்ரிபுக்கு முன்னால் ரொட்டிக்கடைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் மொத்தத் தெருவும் அங்கேதான் நிற்கும். ஒரே வாசல். உள்ளே ஒரே ஆள், மாவு படிந்த கையோடு ரொட்டியை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஸுஹைர் வரிசையில் நிற்பான். உல்ஃபா ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ரொட்டியோடு வெளியே வருகிறவர்களை விரல் மடக்கி எண்ணுவாள்.

ஒருநாள் முன்னால் நின்ற ஒரு பருத்த பெண்மணி திரும்பிக் கேட்டாள். "ஏம்மா பொண்ணு, நீ ரொட்டி வாங்க வந்தியா, எங்களக் கணக்கெடுக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான், அத்தை."

"சர்க்காரா?"

"பேரீச்சை, அத்தை."

அந்த அம்மாள் ஸுஹைரைப் பார்த்து, "பாவம், பசி மயக்கம். சீக்கிரம் ஏதாவது வாயில போடு, புண்ணியவானே," என்றாள். உல்ஃபா சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

சிரித்து முடித்ததும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இங்க பாரு. ஒருத்தர் ரெண்டு பேர் வந்தா, வர்ற வேகத்துக்கு ரொட்டி போகுது. கூட்டம் கூடக் கூட வேகமும் கூடுது. அப்புறம் என்ன ஆகுது? அந்த ஆளுக்கு ரெண்டு கைதான். இன்னும் அம்பது பேர் வந்து நின்னாலும் அதே வேகம்தான்."

"சரி. இதத்தான் நானும் வகுப்புல சொல்றேன்."

"நீ அதோட நிறுத்திடற. இப்ப வாசலப் பாரு."

வாசலில் ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒரு கிழவர் ரொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்கப்பா, நான் வாங்கியாச்சு," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரால் நகர முடியவில்லை. அவர் நகராமல் அடுத்தவன் கை நீட்ட முடியவில்லை. ரொட்டிக்காரர் கையில் ரொட்டியோடு சும்மா நின்றார்.

"ரொம்பக் கூடினா வேகம் கொறையுது," என்றாள் உல்ஃபா. "என் கோடு எறங்கறது தப்பில்ல."

நோன்பு நேரத்துப் பேச்சு என்று அவன் நினைத்துக்கொண்டான். அன்று அவர்கள் கடைசி இரண்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பாங்கு சொல்லும்போது தெருவிலேயே இருந்தார்கள். யாரோ ஒரு வீட்டு வாசலில் இருந்து நீட்டிய தட்டில் ஆளுக்கொரு பேரீச்சை எடுத்து நோன்பு திறந்தார்கள். அவள் கொட்டையைத் துப்பாமல் வாயில் ஒதுக்கிக்கொண்டே வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஸுஹைர் ரவ்தாவின் அறைக்குப் போனான். உட்காரவில்லை.

"புள்ளிய எடுக்க வேணாம், மேடம். நானே அளக்கறேன்."

"அந்தக் குழாய் ஒரு வரிசைக்குத்தான் காணும். தப்பாப் போனா மறுபடி செய்ய முடியாது."

"தெரியும்."

"எறக்கம் வரலேன்னா?"

"வரலேன்னா எடுத்துடலாம். தெரிஞ்சு எடுத்த மாதிரி இருக்கும்."

அவர் தலையசைத்தார். "நான் வந்து நிக்கட்டுமா?"

"வேணாம், மேடம். ஹாத்திம் இருக்கான். அவன்தான் நம்பாதவன்."

புதன்கிழமை மதியம் ஆய்வகம் காலியாக இருந்தது. ஸுஹைர் சர்க்கரைக் கரைசல்களைப் பிப்பெட்டில் எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் குழாயோடு தராசில் வைத்து எடை பார்த்து ஊற்றினான். ஒட்டிக்கொள்கிற பேச்சுக்கே இடமில்லை. குழாய்களை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, கெட்டியான பாகுக்குள் மட்டும் ஒரு வெப்பமானியைச் செருகினான். பாதரசம் மெல்ல ஏறியது. மெல்ல என்றால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பொறுமை போய்விடும் அளவுக்கு மெல்ல. லேசான கரைசல்கள் எப்போதோ தயாராகியிருந்தன.

"பாத்தியா?" என்றான் ஹாத்திம். "இதத்தான் சொன்னேன். இத்தன நேரம் எவன் காத்திருப்பான்?"

பாதரசம் வரவேண்டிய கோட்டுக்கு வந்தது. வந்த பிறகும் கொஞ்சம் விட்டான்.

ஹாத்திம் ஐஸ் நிரப்பிய தட்டில் பெட்டியை வைத்துக் கொண்டுவந்தான். அதில் மற்றவர்களின் குழாய்களும் இருந்தன. ஓரத்தில் அவளுடையது. பக்கவாட்டில் உல்ஃபாவின் எழுத்து, பச்சை மையில், கொஞ்சம் கலைந்து. ஸுஹைர் அதை உள்ளங்கையில் வைத்து மூடினான். ஐஸிலிருந்து எடுத்ததை அப்படிச் சூடாக்கக் கூடாது என்று முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். ஸுஹைரே கையைத் திறந்து அதை ஐஸில் குத்தி வைத்தான்.

"இன்னும்கூட வேணாம்னு வச்சிடலாம்டா," என்றான் ஹாத்திம். குரல் மாறியிருந்தது. "நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

"கடிகாரத்தப் பிடி."

ஒவ்வொரு குழாயிலும் நொதியை விட்டான், கலக்கினான், அடுத்ததற்குப் போனான். ஹாத்திம் நேரம் சொன்னான். கடைசிக் குழாய்க்கு வரும்போது உல்ஃபாவின் குழாயில் அடியில் ஒட்டிய துளிதான் இருந்தது. அதை நகத்தால் தட்டித் தட்டி இறக்கி எடுத்தான். சரியாக இருந்தது. பிறகு அதே வரிசையில் ஒவ்வொன்றிலும் நொதியின் வேலையை நிறுத்தி, நிறம் காட்டும் கரைசலை ஊற்றி, கொதிக்கிற தண்ணீரில் வைத்தான். வெட்டுப்பட்ட சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நிறம் கருக்கும்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். முதல் குழாய் மஞ்சளாகவே நின்றது. அடுத்தது தேன். அடுத்தது ஆரஞ்சு. பிறகு செங்கல் நிறம், பிறகு காய்ந்த மிளகாய் நிறம். அதற்குப் பிறகு மூன்று குழாய்களில் ஒரே பழுப்பு. கோடு மட்டமாக ஓடுகிற இடம்.

அதற்கடுத்த மூன்றும் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தன. கடைசியில் நின்றது மறுபடியும் செங்கல் நிறம்.

ஸுஹைர் அவற்றை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெயிலில் பிடித்தான். கருவியில் வைத்தும் பார்த்தான். எண்கள் கண் சொன்னதையே சொல்லின; உல்ஃபாவின் பழைய எண்களோடும் ஒத்துப்போயின.

ஹாத்திம் ஸ்டூலில் உட்கார்ந்தான். "காத்திருந்திருக்கா," என்றான். "ரெண்டரை மணிக்குக் காவலாளி கத்தக் கத்தக் காத்திருந்திருக்கா. நான் அப்ப அவசரமா வீட்டுக்கு ஓடியிருப்பேன்."

"ஆமா."

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"என்ன சொல்றது?"

"ஒனக்கு சந்தோஷமா இல்லியா?"

ஸுஹைர் யோசித்துப் பார்த்தான். "ரொட்டி வாங்கப் போகணும் போல இருக்கு," என்றான்.

ஹாத்திம் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கீழே போனான். போகிற வழியில் ரவ்தாவின் கதவைத் தட்டி, புள்ளிகள் மூன்றும் இருக்கட்டும் என்று அவன் சத்தமாகச் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

ஸுஹைர் மேசையைத் துடைத்தான். குழாய்களைக் கழுவினான். பச்சை எழுத்துள்ள குழாய் காலியாக இருந்தது. அதையும் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தான். ஐஸ் உருகத் தொடங்கியிருந்தது. பெட்டியில் மற்றவர்களின் குழாய்கள் கெட்டுவிடும். அதை எடுத்துக்கொண்டு நடைக்கோடியிலிருந்த ஃப்ரீசருக்குப் போனான். உள்ளே வைத்துக் கதவை மூடினான். கதவு மெல்லத் திரும்பி வந்து திறந்துகொண்டது.

அந்த வெள்ளிக்கிழமையும் இந்தப் பெட்டியை உள்ளே வைத்தவன் அவன்தான். உல்ஃபா கோட்டை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே படிக்கட்டு வரைக்கும் போய்விட்டாள். காபஸ் வண்டி ஆள் நிறைந்ததும் கிளம்பிவிடும் என்ற அவசரம் அவளுக்கு. அன்றும் அவன் கையால் அழுத்தி அழுத்தி மூடினான். அன்றும் அது திறந்துகொண்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவள் உம்மாவும் கேட்டார். "ஒங்களப் பாக்கப் போறேன்னு சந்தோஷமாச் சொல்லிட்டுப் போனா," என்று அவன் சொன்னான். அந்த அம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. அவனும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நடந்தது அதுதான் என்று பாதி நம்பிவிட்டிருந்தான்.

அவள் படிக்கட்டில் ஒரு கால் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"முழங்காலால தள்ளுடா. கையால அழுத்தினா அது மூடாது."